எல்லைக்கோடும் குடலும்

யுத்தம் முடிந்து வரைபடத்தில் ஒரு கோடு விழுந்தால் நிலமும் சனமும் பிரியும். குடலுக்குள் வாழ்கிற பற்றீரியாக்களும் பிரியுமா? கரேலியாவின் கதை, பிரியும் எண்டுதான் சொல்லுது.

கரேலியா பின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையில் கிடக்கிற காடும் ஏரியுமான நிலம். 1939இல் சோவியத் ஒன்றியம் பின்லாந்து மீது படையெடுத்தது. 1944இல், இரண்டாவது யுத்தமும் முடிய, பின்லாந்திடமிருந்த கரேலியாவின் பெரும்பகுதி சோவியத்திடம் போனது. நாலு லட்சம் பேரளவில் வீடுவாசலை விட்டுப் பின்லாந்துக்குள் இடம்பெயர்ந்தார்கள். சோவியத் பக்கம் வேறு இடத்துச் சனம் குடியேறியது.

அதுக்குப் பிறகு காலநிலை ஒன்று, வாழ்க்கை இரண்டு. பின்லாந்துப் பக்கம் வசதியும் நகர வாழ்க்கையும் வந்தன. ரஷ்யப் பக்கம் வறுமையும் பழைய கிராம வாழ்க்கையும் கனகாலம் நீடித்தன. சோவியத் உடைந்தபின் ஆய்வாளர்கள் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டார்கள். வசதியான பக்கத்தில்தான் ஒவ்வாமை பல மடங்கு அதிகம்!

இதுக்கு ஒரு விளக்கம் லண்டனிலிருந்து ஏற்கனவே வந்திருந்தது. பிரித்தானியாவில் 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 17,414 பிள்ளைகளின் தரவுகளை ஆராய்ந்த டேவிட் ஸ்ட்ராகன், அண்ணன் அக்கா கூட இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மகரந்த ஒவ்வாமை குறைவு எண்டு 1989இல் எழுதினார். மூத்த பிள்ளைகளிடமிருந்து சின்ன வயதிலேயே தொற்றுகிற கிருமிகள் பாதுகாப்புத் தருகுதோ என்பது அவருடைய ஊகம்.

2016இல் வந்த ஓர் ஆய்வு குழந்தைகளின் குடலையே பார்த்தது. பின்லாந்து, எஸ்தோனியா, ரஷ்யக் கரேலியா மூன்றிலுமாக 222 குழந்தைகள். பின்லாந்து, எஸ்தோனியக் குழந்தைகளிடம் பற்றீரோயிட்ஸ் வகைப் பற்றீரியாக்கள் கூட. ஈ. கோலையின் வெளிச்சுவரில் இருக்கிற ஒரு பொருள் நோயெதிர்ப்புத் தொகுதியைத் தட்டி எழுப்பும். எது எதிரி, எது இல்லை எண்டு பழக்கும். பற்றீரோயிட்ஸிடம் இருக்கிற அதே வகைப் பொருள் எழுப்பாது, எழுப்புவதைத் தடுக்கவும் செய்யும். பழகாத தொகுதி பிறகு மகரந்தத்தோடும் வேர்க்கடலையோடும் சண்டைக்குப் போகலாம்.

அப்ப ஊத்தைதான் நல்லமா? இல்லை. அசுத்தத் தண்ணீர் கொன்ற பிள்ளைகளின் கணக்கு மிகப் பெரியது. அந்த வறுமையை ஏக்கத்தோடு பார்க்க ஒன்றும் இல்லை. பின்லாந்தும் கிணற்றை அசுத்தமாக்கவில்லை. 2008இல் தொடங்கிய பத்தாண்டு ஒவ்வாமைத் திட்டத்தில், தேவையில்லாமல் சாப்பாட்டை ஒதுக்காதீர்கள், பிள்ளைகளை இயற்கையோடு பழக விடுங்கள் எண்டு தன் சனத்துக்குச் சொன்னது.

யுத்த வரலாறு எழுதுபவர்கள் இழந்த நிலத்தையும் இறந்தவர்களையும் எண்ணுவார்கள். கோடு விழுந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பிறந்த பிள்ளையின் தும்மலையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.