கேசர் சித்திரச் சுருள்கள்

திபெத்திய வீரகாவியத்தின் நாயகனும் லிங் நாட்டு அரசனுமாகிய கேசரின் சரித்திரத்தைத் துணியில் தீட்டிக் காட்டும் தாங்கா வகைச் சித்திரங்கள். திபெத்தின் கிழக்குப் பிரதேசங்களாகிய காம், அம்தோ ஆகியவற்றில் பாணர் வாய்மொழியாகவே பன்னெடுங்காலம் பாடப்பட்டு வந்த இக்காவியம், லடாக்கிலும் மங்கோலியாவிலும் வெவ்வேறு வடிவங்களில் வழங்குகிறது. மங்கோலிய வடிவமொன்று 1716-ஆம் ஆண்டிலேயே பெய்ஜிங்கில் மர அச்சில் வெளிவந்தது.

கதை: அசுரர்களை அடக்குவதற்காகத் தேவலோகத்தினின்றும் பூமிக்கு அனுப்பப்பட்ட கேசர், ஜோரு என்னும் பெயருடன் ஏழைச் சிறுவனாக வளர்ந்து, சிறிய தந்தை திரோதுங்கின் சூழ்ச்சிக்கு இரையாகித் தாயுடன் நாடு கடத்தப்பட்ட பின்னர், குதிரைப் பந்தயமொன்றில் வென்று அரியணையையும் துருக்மோ என்னும் அழகியையும் ஒருங்கே அடைகிறார். வடதிசை அசுரனை வதம் செய்யச் சென்ற காலத்தில் ஹோர் நாட்டு மன்னர்கள் துருக்மோவைக் கவர்ந்து செல்ல, அவர்களை வென்று அவளை மீட்பது காவியத்தின் சிறந்த பகுதியாகும்.

அமைப்பு: சட்டத்தில் இழுத்துக் கட்டிய பருத்தித் துணிக்குச் சுண்ணமும் பசையும் கலந்த பூச்சிட்டு, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றி, கனிமங்களை அரைத்தெடுத்த நீலம், பச்சை, செந்நிறம் முதலிய வர்ணங்களாலும் பொன்னாலும் தீட்டுவர்; பின்னர்ப் பட்டுக்கரை தைத்து, சுருட்டி வைப்பதற்கு வசதியாகக் கோல் பொருத்துவர். நடுவே குதிரைமீது கவசமும் கொடிகள் செருகிய தலைச்சீராவும் தரித்துக் கேசர் பெரிய உருவில் வீற்றிருக்க, அவரைச் சூழ்ந்து ஜனனம், பந்தயம், போர் முதலிய நிகழ்ச்சிகள் சிறு உருவங்களில் அமையும். அக்காட்சிகளைக் கோடுகளல்லாமல் மலையும் மேகமும் ஆறுமே பிரிப்பதால், ஒரே நிலப்பரப்பில் நாயகன் பன்முறை தோன்றுகிறார்.

உபயோகமும் வளர்ச்சியும்: பாணர் இச்சித்திரத்தைத் தொங்கவிட்டு, பாடும் நிகழ்ச்சியை அம்பினால் சுட்டிக் காட்டும் வழக்கம் உண்டு. பாட்டின் துணையாக இருந்த இது காலப்போக்கில் வழிபாட்டுக்கும் உரியதாயிற்று. ஏனெனில், மிபாம் (1846–1912) முதலிய திபெத்திய பௌத்தத்தின் ஞிங்மா மரபு ஆசாரியர்கள் கேசரைத் தர்மத்தைக் காக்கும் தேவதையாகக் கருதிப் பூஜா விதிகளை இயற்றினர். ஆகவே நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து கூறும் படங்களோடு, கேசரைத் தேவதையாகவே நடுவில் அமைத்து வணங்கும் படங்களும் வழங்கலாயின. முன்னவை பாணரின் நினைவாற்றலுக்கும், பின்னவை மடாலயத்தின் சமயநெறிக்கும் கட்டுப்பட்டவை என்று பாகுபடுத்தலாம். எனினும் ஒரே படத்தில் இவ்விரு இயல்புகளும் கலந்து நிற்பதும் உண்டு.

ஆராய்ச்சி: பிரெஞ்சு அறிஞர் ரோல்ப் ஸ்டைன் 1958-இல் இச்சித்திரங்களைப் பற்றி எழுதியதும், 1959-இல் காவியத்தையும் பாணரையும் பற்றி விரிவான நூல் வெளியிட்டதும் இத்துறையின் அடிப்படைகளாகும். பாரிஸ் கிமே அருங்காட்சியகத்தில் கேசர் சித்திரங்கள் உள்ளன. சீனத்தின் செங்டு நகரிலுள்ள சிச்சுவான் அருங்காட்சியகம் பதினொரு படங்கள் கொண்ட தொகுதியொன்றைப் பேணுகிறது. கேசர் காவிய மரபு 2009-இல் யுனெஸ்கோவின் மானிட மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.