மாற்று வித்தியாசம் யார் கணக்கில்? பன்னாட்டுப் பேரேடுகளின் ஐந்நூறு ஆண்டுகள்

15ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் நகரத்து மெடிச்சி வங்கிக்கு ரோம், வெனிஸ், புரூஜ், லண்டன் ஆகிய நகரங்களில் கிளைகள் இருந்தன. ஃபுளோரன்ஸில் ஃபுளோரின், வெனிஸில் டுகாட், லண்டனில் ஸ்டெர்லிங் என ஊருக்கு ஊர் நாணயம் வேறு. வெளியூரில் கிடக்கும் தன் பணத்துக்கு வங்கி தனிக் கணக்கு வைத்தது. அந்தக் கணக்கில் தொகை எழுத இரண்டு பத்திகள்: ஒன்று வெளியூர் நாணயத்துக்கு, மற்றது உள்ளூர் நாணயத்துக்கு. வெளியூர்ப் பத்தியில் வரவும் பற்றும் நேரான பிறகு உள்ளூர்ப் பத்தியில் மிஞ்சுவதுதான் மாற்றில் வந்த லாபம் அல்லது நட்டம். மெடிச்சி வங்கி பற்றிய 1963ஆம் ஆண்டு நூலை எழுதிய ரேமண்ட் டி ரூவர் இந்த முறையை ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். இன்றைய வங்கிகளின் ‘நாஸ்ட்ரோ’ கணக்கு அதன் நேர் வாரிசு.

இம்முறையின் வலிமை அதன் பொறுமையில் இருந்தது. பணம் கைக்கு வந்து கணக்கு முடிந்த பிறகே லாபம் பேசப்பட்டது. கணக்கு முடியாமல் இருக்கும்போது, ஆண்டு இறுதியில் அந்த வெளிநாட்டுச் சொத்தின் மதிப்பு என்ன? பிற்காலக் கணக்காளர்களை வாட்டிய கேள்வி இதுதான்.

மலாயாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் காலத்திலேயே இதன் கூர்மையைக் காணலாம். 1906இல் அங்கே புழங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரின் மதிப்பு 28 பிரிட்டிஷ் பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. அப்போது இந்திய ரூபாய் 16 பென்ஸ். ஆக, 100 டாலருக்கு 175 ரூபாய். முதல் உலகப் போரை ஒட்டிய ஏற்ற இறக்கங்களுக்குப் பின் 1927இல் ரூபாய்க்கு 18 பென்ஸ் என்று சட்டம் வந்தது. டாலர் பழைய 28 பென்ஸிலேயே நின்றது. அதே 100 டாலர் இப்போது ஏறத்தாழ 155 ரூபாய் 9 அணா. மலாயாவில் ஒரு காசும் குறையவில்லை; ரூபாயில் எழுதினால் ஒன்பதில் ஒரு பங்கைக் காணோம்.

1944இல் உருவான பிரெட்டன் வுட்ஸ் ஏற்பாடு நாணய விகிதங்களைக் கட்டி வைத்ததால் பல ஆண்டுகள் இந்தச் சிக்கல் அடங்கிக் கிடந்தது. 1967இல் பவுண்டு 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40க்கு இறக்கப்பட்டது போன்ற அதிர்ச்சிகள் எப்போதாவதுதான் வந்தன. 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தினார். 1973 மார்ச்சுக்குள் முக்கிய நாணயங்கள் மிதக்கத் தொடங்கின. எப்போதாவது வந்த அதிர்ச்சி அன்றாடமானது.

அமெரிக்கக் கணக்கியல் தர வாரியம் 1975 அக்டோபரில் 8ஆம் தரத்தை வெளியிட்டது. அதன்படி வெளிநாட்டு ஆலையும் எந்திரமும் வாங்கிய நாளின் விகிதத்தில் நிற்கும்; கடன் மட்டும் கணக்கு முடிக்கும் நாளின் விகிதத்துக்கு மாறும்; வித்தியாசம் உடனே லாப நட்டக் கணக்கில் ஏறும். ஓர் அமெரிக்க நிறுவனம் 1 கோடி மார்க் கடன் வாங்கி ஜெர்மனியில் ஆலை கட்டியதாகக் கொள்வோம். மார்க் 40 சென்ட்டிலிருந்து 50 சென்ட்டாக உயர்ந்தால் கடன் 40 லட்சம் டாலரிலிருந்து 50 லட்சம் டாலராகிறது. ஆலையின் மதிப்போ அசையவில்லை. அந்தக் காலாண்டிலேயே 10 லட்சம் டாலர் நட்டம். ஆலை மார்க்கில் விற்று மார்க்கிலேயே கடனை அடைக்கும் என்பது அந்தத் தரத்தின் கண்ணில் படவில்லை.

விளைவு விபரீதமானது. ஏட்டில் மட்டும் தோன்றும் நட்டத்தை மறைக்க நிறுவனங்கள் அந்நியச் செலாவணிச் சந்தையில் உண்மைப் பணத்தைச் செலவிட்டுக் காப்பு ஒப்பந்தங்கள் போட்டன. கணக்கு வணிகத்தை அளக்க வேண்டும். இங்கே வணிகம் கணக்குக்காக வளைந்தது.

எதிர்ப்பு வலுத்து, 1981 டிசம்பரில் 52ஆம் தரம் வந்தது. வாரியத்தில் ஆதரவு 4, எதிர்ப்பு 3. அவ்வளவு நெருக்கமான முடிவு. துணை நிறுவனம் எந்த நாணயத்தில் சம்பாதித்து எந்த நாணயத்தில் செலவிடுகிறது என்பதை முதலில் பார்க்கச் சொன்னது அது. அந்தச் செயல்பாட்டு நாணயத்தில் கணக்கை முடித்துவிட்டு, சொத்து, கடன் இரண்டையும் இறுதி நாள் விகிதத்தில் டாலருக்கு மாற்ற வேண்டும். வித்தியாசம் லாபத்தைத் தொடாமல் பங்குதாரர் நிதியில் தனி வரியாக நிற்கும். 1983இல் வந்து பலமுறை திருத்தப்பட்ட சர்வதேசத் தரம் 21இன் இன்றைய வடிவத்திலும், அதையொட்டிய இந்தியாவின் இண்ட் ஏஎஸ் 21இலும் இதே அடிப்படைதான். 8ஆம் தரம் எளிமையானது, 52 நேர்மையானது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு நிறுவனமே நேரடியாக அந்நியக் கடன் வாங்கினால் வித்தியாசம் லாப நட்டக் கணக்குக்குத்தான் போக வேண்டும். 2008 தொடக்கத்தில் டாலருக்கு 40 ரூபாய்க்குள் இருந்த விகிதம் 2009 மார்ச்சில் 50ஐத் தாண்டியதும் இந்திய நிறுவனங்கள் திணறின. மார்ச் 31 அன்று, நிதியாண்டின் கடைசி நாளில், மத்திய அரசு இந்தியக் கணக்கியல் தரமான ஏஎஸ் 11இல் 46ஆம் பத்தியைச் சேர்த்தது. எந்திரம் போன்ற சொத்து வாங்கிய நீண்டகாலக் கடனில் வரும் வித்தியாசத்தை அச்சொத்தின் விலையிலேயே சேர்த்துக்கொள்ள அது அனுமதித்தது. நிறுவனங்களுக்கு மூச்சு வந்தது; அவற்றின் உண்மை நிலையைக் காண விரும்பிய முதலீட்டாளருக்குப் பார்வை மங்கியது.

இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை உண்டு: எந்த நாணயத்துக்கும் ஒரு மாற்று விகிதம் கிடைக்கும். அரசு அந்நியச் செலாவணியை இறுக்கிப் பிடிக்கும் நாடுகளில் அறிவிக்கப்பட்ட விகிதத்துக்கு யாரும் டாலர் தருவதில்லை. இதற்காகச் சர்வதேசத் தர வாரியம் 2023 ஆகஸ்டில் 21ஆம் தரத்தைத் திருத்தியது; 2025 ஜனவரி 1 முதல் அது நடப்பில் உள்ளது. நாணயத்தை மாற்ற வழியில்லாதபோது நிறுவனமே விகிதத்தை மதிப்பிட்டு, எப்படி மதிப்பிட்டது என்பதையும் அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.