பாலாற்றங்கரை வழக்கு

சட்டத்தை இயற்றுதல் எளிது. அதனை நடைமுறைப்படுத்துதல் அரிது. இவ்வுண்மைக்குப் பாலாற்றின் அண்மைக்கால வரலாறு தக்க சான்றாகும்.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாற் பெயர் பெற்றவை. அத்தொழில் பல்லாயிரவருக்கு வாழ்வளித்தது; நாட்டுக்கு அந்நியச் செலாவணியையும் ஈட்டித் தந்தது. ஆனால், ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் வேண்டும். உப்பும் இரசாயனங்களும் கலந்த கழிவுநீர், தூய்மை செய்யப்படாமலே ஓடையிலும் வயலிலும் ஆற்றிலும் விடப்பட்டது. கிணற்று நீர் குடிக்கத் தகாததாயிற்று. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியிழந்தது என வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு கண்டது.

இதனைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருந்தது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலும், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-இலும் பிறந்தன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அமைந்திருந்தது. எனினும் கழிவுநீர் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்நிலையில், 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் அரசியலமைப்பின் 32-ஆம் பிரிவின்படி நேரே உச்சநீதிமன்றத்தை அணுகியது. தமக்கென்று இன்றிப் பொதுமக்களின் பொருட்டுத் தொடுக்கப்படும் இத்தகைய வழக்கைப் பொதுநல வழக்கு என்பர். கங்கையின் தூய்மைக்காக முன்னரே வழக்காடிய எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் இவ்வழக்கிலும் வாதாடினார்.

1996 ஆகஸ்டு 28-இல் நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தீங்கு விளையும் எனக் கருத இடமிருந்தால், அறிவியல் முடிவு உறுதியாகும்வரை காத்திராமல் முன்னரே தடுத்தல் வேண்டும். மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்றல் வேண்டும். இவ்விரண்டு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று நீதிமன்றம் அறிவித்தது. தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பீட்டை மதிப்பிடத் தனி ஆணையம் அமைக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. மேத்தாவின் தொண்டைப் பாராட்டி, 50,000 ரூபாய் அவருக்கு அளிக்குமாறு மாநில அரசுக்கு ஆணையிட்டது.

தீர்ப்போடு துன்பம் தீர்ந்ததா? தீரவில்லை. 2025 ஜனவரி 30-இலும் உச்சநீதிமன்றம் இதே பாலாற்றுப் பகுதியின் மாசினைக் குறித்துத் தீர்ப்புக் கூற நேர்ந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கவும், ஆற்றைச் சீர்ப்படுத்தவும் மீண்டும் ஆணையிட்டது.

மாணவர்களே, சட்டம் ஏட்டில் உறங்கும் இயல்புடையது. வழக்கறிஞர் அதனைத் தட்டி எழுப்பலாம். மீண்டும் உறங்கிவிடாமல் காப்பது விழிப்புள்ள குடிமக்களின் கடமை. அக்கடமை நாளை உங்களுடையது.