கேமுக்கு ஒரு ஹெட்போன், பாட்டுக்கு ஒரு ஹெட்போனா? கொஞ்சம் வரலாறு



இந்த லீவு தொடங்கியதிலிருந்து நாலைந்து பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருக்கிறீர்கள். "சார், பையன் கேம் போட்டிக்கு ஹெட்போன் வேணும் என்கிறான். எனக்கும் ராத்திரியில் பாட்டு கேட்க ஒன்று வேண்டும். கேமுக்கு வேறு, பாட்டுக்கு வேறு என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?" வகுப்பில் ரேடியோப் பெட்டியைத் திறந்து காட்டிய வாத்தியார் என்பதால் என்னிடம் வருகிறீர்கள். மகிழ்ச்சி. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் வாங்கினால் அடுத்த விளம்பரம் வந்ததும் மறுபடி குழப்பம் வரும். அந்தக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போய் வருவோம். நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 1881. பாரிஸ் நகரில் மின்சாரக் கண்காட்சி நடந்தது. டெலிபோன் வந்து ஐந்தே வருடம் ஆகியிருந்தது. கிளெமான் அடேர் என்ற பொறியாளர், அங்கிருந்த இசை நாடக அரங்கின் மேடை ஓரத்தில் வரிசையாக மைக்குகளை வைத்து, கம்பி வழியாகக் கண்காட்சிக் கட்டடத்துக்குப் பாட்டைக் கொண்டுவந்தார். வந்தவர்கள் காதுக்கு ஒன்றாக இரண்டு டெலிபோன் குழல்களைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். இரண்டு காதுக்கும் வெவ்வேறு மைக்கிலிருந்து ஒலி வந்தது. பாடகர் மேடையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்தால், அவர் நடப்பது கேட்டவர்களின் காதிலேயே தெரிந்தது.

இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டைக் கேட்க வந்தவர்களுக்கு "ஆள் எந்தப் பக்கம் நடக்கிறார்" என்பதும் சேர்ந்தே கிடைத்தது. இன்று உங்கள் பையன் கேமில் தேடுவதும் அதைத்தான்.

இது எப்படி நடக்கிறது? வகுப்பில் ஒருவனைக் கண்ணைக் கட்டி நடுவில் உட்காரவைத்து, மற்றவர்களைச் சுற்றி நின்று கை தட்டச் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? இடம், வலம் என்றால் எல்லோரும் சரியாகக் கை காட்டுவீர்கள். நேர் முன்னாலா, நேர் பின்னாலா என்றால்தான் தடுமாறுவீர்கள். காரணம் இதுதான். ஒலி ஒரு விநாடியில் சுமார் 343 மீட்டர் போகிறது. வலப்பக்கம் தட்டிய ஒலி வலக் காதை முதலில் தொடும். தலையைச் சுற்றி இடக் காதுக்குப் போக ஆயிரத்தில் ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் கூடுதலாக ஆகும். தலை மறைப்பதால் அந்தப் பக்கம் ஒலியும் கொஞ்சம் குறையும். இந்த இரண்டு வித்தியாசத்தையும் வைத்துத்தான் மூளை திசையைக் கணக்கிடுகிறது என்று ராலே பிரபு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1907-ல் விளக்கினார். நேர் முன்னாலும் பின்னாலும் வரும் ஒலிக்கு இந்த வித்தியாசம் கிடையாது. அதற்குக் காது மடலின் வளைவுகள் உதவுகின்றன.

அடுத்தது 1910. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர், தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு ஜோடி காதுக் குழல்களைச் செய்து கடற்படைக்கு அனுப்பினார். தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கையால் செய்தது. கடற்படை சோதித்துப் பார்த்தது. மிக மெல்லிய வயர்லெஸ் சிக்னல்கூடத் தெளிவாகக் கேட்டது. இன்றைய ஹெட்போனின் நேரடி முன்னோர் அதுதான். கவனியுங்கள்: அது பிறந்தது சத்தமாகக் கேட்பதற்காக இல்லை, மெல்லிய ஒலியைப் பிடிப்பதற்காக.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1924 மே 16 அன்று சென்னையில் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. அதே ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பு நடந்தது. அந்தக் காலத்தில் மலிவான ரேடியோ என்றால் கிறிஸ்டல் செட்டுதான். அதற்குக் கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். ஏரியலில் வரும் அலையின் சக்தியிலேயே வேலை செய்யும். அந்தச் சக்தி ஒலிபெருக்கியை ஓட்டப் போதாது. காதில் ஹெட்போனை வைத்துத்தான் கேட்க வேண்டும். உலகெங்கும் வானொலியின் முதல் நேயர்களில் பெரும்பாலோர் ஹெட்போன் நேயர்கள்தான்.

பணமில்லாமல் 1927-ல் கிளப் மூடப்பட்டது. கருவிகளைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் மாலை நேரத்தில் ஒலிபரப்பைத் தொடங்கியது. மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். ரேடியோ வாங்க வசதியில்லாதவரும் மணலில் உட்கார்ந்து பாட்டு கேட்டார். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. காதோடு இருந்த ஒலி இப்படித்தான் ஊர்ப் பொதுவானது. எங்கள் தலைமுறைக்கு ரேடியோ என்றால் டீக்கடையில் பத்துப் பேர் சேர்ந்து கேட்பது, திண்ணையில் வைத்து இலங்கை வானொலி கேட்பது. ஹெட்போன் என்ற ஒன்றை யாரும் தேடவில்லை.

அதைத் திரும்பக் கொண்டுவந்தது ஸ்டீரியோ. 1931-ல் இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் இரட்டை ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1958-ல் அமெரிக்காவில் ஜான் காஸ் பாட்டு கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி, பின்பக்கம் திறந்திருக்கும் ஹெட்போனை வெளியிட்டது. காற்று உள்ளே போய்வரும், ஒலியும் தலைக்குள் அடைபடாமல் விரிந்து கேட்கும்.

1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் சோனியின் வாக்மேன் வந்தது. துபாய், சிங்கப்பூர் போன உறவினர் வாங்கி வந்த வாக்மேனை ஊரே சுற்றி நின்று பார்த்த காலம் உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். அந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள் இருந்தன. ஒரு ஆரஞ்சு பட்டனும் இருந்தது. அழுத்தினால் பாட்டுச் சத்தம் தணிந்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவது உள்ளிருக்கும் மைக் வழியாகக் கேட்கும். ஒருவர் மட்டும் காதை மூடிக்கொண்டு கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவு என்று கம்பெனித் தலைவர் அகியோ மொரிட்டா நினைத்ததால் வந்த ஏற்பாடு அது. பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பட்டன் போய்விட்டது. நம் வீடுகளில் இன்று இல்லாமல் போனதும் அந்தப் பட்டன்தான்.

இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும்: அமர் போஸ். இவருடைய தந்தை வங்காளத்தில் பிரிட்டிஷாருக்கு எதிராக இயங்கி, அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவர். மகன் 1978-ல் விமானத்தில் ஹெட்போன் போட்டுப் பாட்டு கேட்டபோது என்ஜின் இரைச்சல் பாட்டை விழுங்கியது. இரைச்சலுக்கு எதிர் அலையை உண்டாக்கி அதை அடக்கும் கணக்கை அந்தப் பயணத்திலேயே போடத் தொடங்கினார். இன்று விளம்பரத்தில் வரும் இரைச்சல் நீக்கும் ஹெட்போன்களுக்கு அவர் உழைப்பு முக்கியமான அடிப்படை.

இப்போது கேமுக்கு வருவோம். 2022-ல் நம் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது உங்களில் பலர் போய்ப் பார்த்தீர்கள். அது கண்ணாலும் மூளையாலும் ஆடுவது. கவுன்டர் ஸ்ட்ரைக், பிஜிஎம்ஐ போன்ற சுடும் விளையாட்டுகளில் காதுக்குப் பாதி வேலை. சுவருக்குப் பின்னால் எதிராளி நடக்கும் காலடிச் சத்தம்தான் முதல் துப்பு. இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் காட்சிப் போட்டியாக இருந்த இ-ஸ்போர்ட்ஸ், 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் பதக்கத்துக்கான போட்டியானது. 2025-ல் நம் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. பையன் எதை ஆடுகிறான் என்று பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஹெட்போன் அதற்குப் பிறகுதான்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். நான் பார்த்த வரையில் விஷயம் இவ்வளவுதான்.

ஒன்று, பேஸ். பெட்டியில் "எக்ஸ்ட்ரா பேஸ்" என்று போட்டால் வாங்கத் தோன்றும். ஆனால் கனத்த தாழ்ந்த ஒலி, அதைவிட உயர்ந்த மெல்லிய ஒலிகளை மூடி மறைக்கும். இது காதின் இயல்பு. கேமில் குண்டு வெடிக்கும் சத்தம் காலடியை விழுங்கிவிடும். கச்சேரியில் மிருதங்கத்தின் தொப்பி வீங்கி, தம்புராவும் குரலின் நெளிவும் காணாமல் போகும். ஒரே குறை இரண்டு பேரையும் கெடுக்கிறது. ஆகவே சமச்சீராக ஒலிக்கும் ஹெட்போன் எதுவோ, அதுதான் இருவருக்கும் நல்லது.

இரண்டு, 7.1. எட்டு ஸ்பீக்கர் உள்ளே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான ஹெட்செட்டில் காதுக்கு ஒன்றுதான். காது மடல் செய்யும் வேலையைச் சாஃப்ட்வேர் கணக்குப் போட்டு நடிக்கிறது. பல கேம்களில் அந்த வசதி கேமுக்குள்ளேயே உண்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் திசை குழம்பும். பாட்டு கேட்கும்போது அதை அணைத்துவிடுங்கள்.

மூன்று, வயர். புளூடூத்தில் ஒலி வந்து சேர ஐந்தில் ஒரு விநாடிகூடத் தாமதமாகலாம். பாட்டுக்கு அது பொருட்டே இல்லை, பாட்டு முழுவதும் சேர்ந்தே தாமதிக்கிறது. கேமில் அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். போட்டிக்கு வயர் போதும், விலையும் குறைவு. வயர் வேண்டாம் என்றால் யுஎஸ்பி டாங்கிளுடன் வருவதைப் பாருங்கள்.

நான்கு, திறந்ததா மூடியதா. திறந்த வகையில் ஒலி விரிவாகக் கேட்கும், காது வேர்க்காது. ஆனால் வீட்டுச் சத்தம் உள்ளே வரும், பாட்டு வெளியே போகும். தனி அறை இருந்தால் அது. ஃபேன், டிவி, சமையலறை எல்லாம் ஒரே கூடத்தில் இருந்தால் மூடிய வகை. நம் கடற்கரைப் புழுக்கத்துக்கு ரெக்சின் உறையைவிடத் துணி உறை நல்லது. ரெக்சின் சீக்கிரம் உரியும்.

ஐந்து, ஓம் அளவு. மொபைலில் நேராக மாட்டுவதற்கு 32 ஓம் அளவில் உள்ளதைப் பாருங்கள். 250 ஓம் உள்ளதை வாங்கினால் தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும்.

ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டைப் போட்டுக் கேளுங்கள். ஸ்டீரியோவில் பதிவான இளையராஜா பாட்டு ஒன்றில் எந்த வாத்தியம் எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் கேமில் காலடியும் தெரியும். பாகவதர் காலத்துப் பாட்டை வைத்துச் சோதிக்காதீர்கள். அவை மோனோ பதிவுகள், எந்த ஹெட்போனிலும் நடுவில்தான் கேட்கும்.

ஆக, இரண்டு வாங்க வேண்டாம். நல்ல ஸ்டீரியோ ஹெட்போன் ஒன்றும், பேசுவதற்குத் தேவைப்பட்டால் சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்றும் போதும். 1881-லேயே பாட்டும் திசையும் ஒன்றாகத்தான் வந்தன. பிரித்தது விளம்பரம்.

கடைசியாக, விலையைவிட முக்கியமானது. உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. அழிந்தால் மனிதனுக்கு மறுபடி முளைக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் கூடியதற்கு நேரம் பத்தில் ஒரு பங்காகிறது. தினம் மூன்று மணி நேரம் முழுச் சத்தத்தில் ஆடும் பிள்ளை எங்கே போய் நிற்பான் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். முதலில் போவது மெல்லிய உயர் ஒலிகள். அதாவது எந்தக் காலடிக்காக அவன் சத்தத்தைக் கூட்டினானோ, அந்தக் காலடியே கேட்காமல் போகும். வால்யூம் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி வையுங்கள். விளையாடி முடித்ததும் காதில் "ஙொய்" என்று சத்தம் கேட்டால் அது எச்சரிக்கை மணி. அது நிற்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் ஒரு பழக்கமும் வையுங்கள். பாட்டி கூப்பிட்டால் ஹெட்போன் கழுத்துக்கு இறங்க வேண்டும். ஆரஞ்சு பட்டன் இல்லாத குறையை அது தீர்க்கும்.

எந்த மாடல் வாங்கினீர்கள், எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், நெம்மேலி