சுற்றுநேரப் பதிவுக் கருவி (கிளப் கார் பந்தயம்)

பந்தயக் கார் ஒவ்வொரு முறை கோட்டைக் கடக்கும்போதும் கடந்த நேரத்தையும் காரின் எண்ணையும் சேர்த்துக் குறிக்கும் மின்னணு அமைப்பே சுற்றுநேரப் பதிவுக் கருவி. இதில் நேரத்தைக் குறிப்பது மலிவான வேலை. கடந்தது எந்தக் கார் என்று அறிவதற்குத்தான் பணமும் உழைப்பும் ஆகும். சிறு கிளப்புகள் தாமே செய்துகொள்ளும் கருவிகள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகின்றன.

வரலாறு

இந்தச் சிக்கல் 1911 மே 30 அன்று நடந்த முதல் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்திலேயே முழுமையாக வெளிப்பட்டது. 40 கார்கள் இரண்டரை மைல் தளத்தை 200 முறை சுற்ற வேண்டும். தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் சக்கரம் ஏறியதும் மின்கருவி நேரத்தைப் பதிந்தது. கார் எண்ணை மட்டும் ஆட்கள் கண்ணால் பார்த்து எழுதினார்கள். நடுவில் கம்பி அறுந்தது. கணக்கர் மேடையருகே விபத்தும் நேர்ந்து குறிப்புகள் குழம்பின. 6 மணி 42 நிமிடம் 8 விநாடியில் ரே ஹாரூன் வென்றதாக அறிவித்தார்கள். ரால்ஃப் மல்ஃபோர்டு முந்தினார் என்ற வாதம் பின்னர் நெடுங்காலம் நீடித்தாலும், வெற்றி ஹாரூனுடையதே.

நேரத்தைக் குறிக்கும் நுட்பமோ பின்னர் வெகுவாகக் கூடியது. 1997இல் ஹெரெஸில் நடந்த ஃபார்முலா 1 தகுதிச்சுற்றில் வில்நெவ், ஷூமாக்கர், ஃபிரென்ட்சன் என்ற ஓட்டுநர்கள் மூவரும் 1 நிமிடம் 21.072 விநாடி என்ற ஒரே நேரத்தை எட்டினார்கள். ஸ்டாப்வாட்ச் பிடித்த கையால் இப்படியொரு சமநிலையை ஒருபோதும் நிறுவியிருக்க முடியாது.

வகைகள்

மிக மலிவானது அகச்சிவப்புக் கற்றை முறை. தளத்தின் ஒரு பக்கம் ஒளி உமிழி, மறுபக்கம் உணரி. வெயில் உணரியைக் குழப்பாதிருக்க, டிவி ரிமோட்டில் உள்ளதுபோல் ஒளியை விநாடிக்கு 38,000 முறை துடிக்கவிடுவார்கள். தனியாக ஓடும் காருக்கு இது போதும். இரண்டு கார்கள் ஒட்டி வந்தால் ஒன்றாகவே பதியும்.

காரிலேயே உமிழியைப் பொருத்தி காருக்கொரு குறியீடு தருவது அடுத்த படி. ரிமோட் பாணிக் குறியீடு ஒன்றை அனுப்பி முடிக்க 20 மில்லிவிநாடி பிடிக்கலாம்; மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் அதற்குள் கார் ஒரு மீட்டர் போய்விடும். எனவே குறியீட்டைச் சுருக்குவதே வடிவமைப்பாளரின் முதல் கடமை.

லூப் முறையில் தார்ச்சாலையைக் கீறி ஒயரைப் புதைக்கிறார்கள். காரின் அடியிலுள்ள டிரான்ஸ்பாண்டர் தன் எண்ணைக் காந்தத் தூண்டலால் திரும்பத் திரும்ப அனுப்பும். இடைவெளியை ஒழுங்கற்றதாக வைத்தால் இரு கார்களின் குறிகள் எப்போதும் மோதிக்கொண்டிருக்கமாட்டா. அரை மீட்டர் அகல லூப்பை அதே வேகக் கார் 10 மில்லிவிநாடியில் தாண்டும். 2 மில்லிவிநாடிக்கொரு முறை அனுப்பினால் ஐந்து வாய்ப்புகள் கிடைக்கும். கிளப்புகளுக்கும் இதுவே உகந்த முறை.

கடிகாரம்

நேரத்தை எண்ணும் மைக்ரோகன்ட்ரோலருக்குக் குவார்ட்ஸ் படிகம் அவசியம். அதன் பிழை பத்து லட்சத்தில் 50 என்றால் 90 விநாடிச் சுற்றில் 4.5 மில்லிவிநாடிதான். அரை சதவீதம் பிழையுள்ள பீங்கான் ஒத்ததிர்வி 0.45 விநாடி வரை தவறும். எல்லாக் கார்களுக்கும் ஒரே கடிகாரம் என்பதால் வரிசை மாறாது. ஆனால் அப்படித் தவறும் நேரத்தைப் போன பந்தயத்தின் லேப் ரெக்கார்டோடு ஒப்பிட முடியாது.

இன்றைய நிலை

பெரிய பந்தயங்களில் டிரான்ஸ்பாண்டர் வழக்கமாகிவிட்டது. பயிற்சியின்போது ஜிபிஎஸ் கருவிகளும் கைபேசிச் செயலிகளும் பயன்படுகின்றன.