கெடாவின் வார நாட்காட்டியும் சர்வர் புதுப்பிப்புத் தேர்வும்

நிறுவனச் சர்வர்களில் எந்த இயங்குதளப் புதுப்பிப்பை நிறுவுவது என்ற கேள்வி எழும்போதெல்லாம் பாதுகாப்பு முக்கியமா, தடையற்ற இயக்கம் முக்கியமா என்ற விவாதம்தான் நடக்கிறது. மலேசியாவின் கெடா மாநிலத்துப் பெண்டாங் போன்ற வட்டாரத்தில் வேலை செய்யும் தோட்ட அலுவலகத்துக்கோ கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கோ அந்த விவாதம் போதாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விண்டோஸ் சர்வரை எடுத்துக்கொள்வோம். 2016 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் மாதத் திருத்தங்களைத் திரட்டாக வெளியிடுகிறது. இந்தத் திருத்தம் வேண்டும், அந்தத் திருத்தம் வேண்டாம் என்று பொறுக்கி எடுக்கும் வசதி பெரும்பாலும் போய்விட்டது. மாத இறுதியை ஒட்டி வரும் முன்னோட்டப் புதுப்பிப்பு சோதனைக்கு உரியது. சம்பளக் கணக்கு இருக்கும் சர்வரில் அதற்கு இடமே தரக்கூடாது. ஆக, நிர்வாகியின் கையில் மிஞ்சியிருக்கும் உண்மையான தேர்வு எப்போது நிறுவுவது என்பதுதான்.

பாதுகாப்புத் திரட்டு ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு வெளியாகிறது. மலேசியாவில் அது புதன் விடியற்காலை 1 அல்லது 2 மணி. கோலாலம்பூரில் உள்ளவருக்கு அதன்பின் புதன், வியாழன், வெள்ளி என மூன்று வேலை நாள் உண்டு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அரசு அலுவலகம், வங்கி, பள்ளி எல்லாம் அந்த இரு நாளும் மூடியிருக்கும். அவற்றை ஒட்டி இயங்கும் அலுவலகங்களுக்கு இரண்டே நாள்தான் மிச்சம். தலைமையகம் வகுத்த அட்டவணைப்படி சனி இரவில் நிறுவினால் நிலைமை இன்னும் மோசம். ஞாயிறு காலை பெண்டாங்கில் ஆபீஸ் திறக்கும். சர்வர் எழவில்லை என்றால் போன் எடுக்க கோலாலம்பூரில் ஆள் இருக்காது. வியாழன் இரவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. வெள்ளியன்று இங்கே விடுமுறை, ஆனால் அங்கே சேவை நிறுவனங்கள் வேலையில் இருக்கும். கெடாவுக்கு இயல்பாகவே அமைந்த இந்தச் சாதகத்தைப் பொதுவான வழிகாட்டிகள் கண்டுகொள்வதில்லை.

இதனோடு சம்பளக் கணக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் ஊதியம் தரப்பட வேண்டும் என்கிறது. பெரட்டு எனும் வருகைக் கணக்கு, ரப்பர் வெட்டுக்காரரின் பால் எடை, பிடித்தம் எல்லாவற்றையும் தோட்டக் கிராணி (எழுத்தர்) மாத முதல் வாரத்தில் ஏற்றி முடிப்பார். அந்த வாரத்தில் சர்வரைத் தொடவே கூடாது. மாதத் திரட்டு மலேசியாவுக்கு வருவது 9ஆம் தேதிக்கும் 15ஆம் தேதிக்கும் இடையில் என்பதால் ஊதிய வேலையோடு அது மோதுவதில்லை. வந்த புதனன்றே சோதனைச் சர்வரில் நிறுவி, மறுவார வியாழன் இரவு உண்மைச் சர்வருக்குக் கொண்டுபோனால், எட்டு நாள் அவகாசம் கிடைக்கிறது. அந்த வியாழன் எப்போதும் 17க்கும் 23க்கும் இடையில் விழும்; அடுத்த சம்பளக் கணக்குக்குக் குறைந்தது ஆறு நாள் இருக்கும்.

இந்த எட்டு நாள் விதி நடந்த சம்பவங்களுக்கு முன்னால் நிற்குமா? 2022 ஜனவரி 11 அன்று வந்த திரட்டு டொமைன் கண்ட்ரோலர்களைத் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் செய்ய வைத்தது. சில பதிப்புகளில் ஹைப்பர்-வி மெய்நிகர் கணினிகளும் எழவில்லை. மாற்றுத் திருத்தம் ஜனவரி 17 அன்று வெளியானது. நமது விதிப்படி நிறுவும் நாள் ஜனவரி 20, வியாழன். தப்பித்திருப்போம். எதிர்த் திசையில் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் இருக்கிறது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் 2017 மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. தாக்குதல் மே 12. விதிப்படி மார்ச் 23 அன்று நிறுவியிருந்தால் 50 நாள் முன்பே கதவு அடைபட்டிருக்கும். அவசரப்பட்டவரும் அடிபட்டார், அலட்சியமாக இருந்தவரும் அடிபட்டார். எட்டு நாள் காத்தவர் இரண்டிலும் பிழைத்திருப்பார்.

ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டைக்கு இந்த விதி பொருந்தாது. வெளி இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் சர்வர் என்றால் அன்றிரவே நிறுவ வேண்டும், அது எந்தக் கிழமையானாலும் சரி. நம் கைக்கு வராமல் தானே இறங்கும் புதுப்பிப்பையும் இந்த விதி தடுக்காது. 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை, மலேசிய நேரம் பகல் 12:09க்கு கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய கோப்பு உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியபோது, அதைத் தள்ளிவைக்கும் வசதி வாடிக்கையாளருக்கு இல்லை. மென்பொருள் வாங்கும்போதே அந்த வசதியைக் கேட்டுப் பெற வேண்டும்.

லினக்ஸில் நாட்காட்டி ஆண்டுக் கணக்கில் நீள்கிறது. 2029 வரை ஆதரவு கிடைக்கும் என்று நம்பி சென்ட்ஓஎஸ் 8ஐ நிறுவியவர்களுக்கு, 2021 டிசம்பர் 31உடன் அது முடிகிறது என்ற அறிவிப்பு 2020 டிசம்பரில் வந்தது. இலவசம் என்பதற்காக மட்டும் தேர்ந்தவர்கள் ஏறக்குறைய ஓராண்டில் ராக்கி லினக்ஸுக்கோ அல்மாலினக்ஸுக்கோ இடம்பெயர நேர்ந்தது. ஆதரவுத் தேதியை யார் உறுதி செய்கிறார், ஒப்பந்தமாகவா வெறும் அறிவிப்பாகவா என்று கேட்காமல் பதிப்பைத் தேர்வது தவறு.

எப்போது என்பதோடு எந்த வரிசையில் நிறுவுவது என்பதையும் பார்க்க வேண்டும். பெண்டாங்கின் நெல்வயல்கள் மூடா பாசனத் திட்டத்தின் மூன்றாம் வட்டாரத்தைச் சேர்ந்தவை. அங்கே எல்லா வயலுக்கும் ஒரே நாளில் தண்ணீர் திறப்பதில்லை. கட்டம் கட்டமாகத் திறக்கிறார்கள். பத்துச் சர்வர் இருந்தால் இரண்டில் தொடங்கி மற்றவற்றுக்குப் போவதும் அதே முறைதான்.

2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் உள்ள இணையப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 854), விவசாயமும் தோட்டத்துறையும் அடங்கிய 11 துறைகளை நாட்டின் முக்கியத் தகவல் கட்டமைப்புத் துறைகளாக வகுத்துள்ளது. அதன்கீழ் நியமிக்கப்படும் நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறையாவது இடர் மதிப்பீடு செய்தாக வேண்டும். தோட்ட நிறுவனங்களின் தலைமையகங்கள் அந்த மதிப்பீட்டை எழுதும்போது வெள்ளியும் சனியும் விடுமுறையாக உள்ள கெடா, கிளந்தான், திரெங்கானு கிளைகளுக்கு வியாழன் இரவை நிறுவும் நேரமாகத் தனியே குறிக்க வேண்டும். மாத முதல் ஏழு நாளைத் தடை நாட்களாக அறிவிக்க வேண்டும்.