படம் பிடித்தவர்களும் பிடிபட்டவர்களும்

சேரிக்குள் கேமரா நுழைந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாவு விழுந்தால் வரும். தீ வைத்தால் வரும். தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தால் வரும். எலக்‌ஷன் நேரத்தில் பெரிய மனுசர் யாராவது நம்ம வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கூழ் குடித்தால், கூழைவிடக் கேமரா அதிகமாக வரும். மற்ற நாட்களில் அந்தத் தெரு இருந்ததா இல்லையா என்பதற்கே அத்தாட்சி கிடையாது. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எங்கள் தெரு எப்படி இருந்தது, பிள்ளைகள் எந்தத் தூணைச் சுற்றி விளையாடின, எந்த வீட்டு வாசலில் ராகி காய்ந்தது என்று யாராவது கேட்டால் காட்ட ஒரு படம் இல்லை. ஆனால் நம் வாழ்க்கை முழுக்க அந்தச் செவ்வாய்க்கிழமைகளில்தான் நடந்திருக்கிறது.

இந்தச் சீமையில் கேமராவின் கதை ஆரம்பத்திலிருந்தே அப்படி. 1839ல் பாரீசில் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1856க்குள் சென்னையில் புகைப்படச் சங்கமே வந்துவிட்டது. 1858ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிப்போய் மதுரையையும் தஞ்சையையும் எடுத்தார். கோபுரம், மண்டபம், தூண், கல்வெட்டு. பொறுமையான, அழகான படங்கள். கல்லுக்குக் கிடைத்த அந்தப் பொறுமை மனுசருக்குக் கிடைக்கவில்லை. 1868லிருந்து 1875வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற ஆங்கில நூலில் சாதிக்கு ஒரு முகம், முகத்துக்கு ஒரு குறிப்பு. பிறகு எட்கர் தர்ஸ்டன் வந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார், படமும் எடுத்தார். 1909ல் ஏழு தொகுதிகள். அவற்றில் நம்மவர்கள் 'மாதிரி' ஆக நிற்கிறார்கள். ஆளுக்குப் பெயர் கிடையாது, சாதிக்கு மட்டும் பெயர் உண்டு.

நடுவில் 1876-78ன் தாது வருசப் பஞ்சம். அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில் இருந்த தாலுக்காக்கள். பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற குதிரைப்படை அதிகாரி எலும்பும் தோலுமானவர்களைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். எடுத்து முடித்ததும் ஒருவாய் சோறு கொடுக்காமல் அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் உண்டு. பஞ்சம் என்றதும் இன்றும் அந்தப் படங்களைத்தான் அச்சடிக்கிறார்கள். அவர்களை அப்படி உட்காரச் சொன்னது யார், யாரை முன்னால் தள்ளியது யார் என்று கேட்பாரில்லை.

கிருஷ்ணகிரிக்கு வடக்கே எல்லை தாண்டினால் கோலார் தங்கவயல். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே குழி தோண்ட வந்தது. இறங்கினவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு, சேலம் பக்கத்துச் சேரி சனம். அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்ததும் அந்தச் சனத்தால்தான். 1930ல் தொழிலாளிகளைப் பதிவுசெய்யக் கைரேகை வேண்டும் என்றது நிர்வாகம். வயலே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கூலிக்காகப் போராடினார்கள் என்றால் எல்லோருக்கும் புரியும். ரேகைக்காக எதற்கு? உடம்பின் அச்சை இன்னொருத்தன் ரிஜிஸ்டரில் வைத்தால் தன் உடம்பே தன்னிடம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் தாத்தா அந்தக் குழியில் இறங்கினவர். அவர் ரேகை எங்காவது ஒரு காகிதத்தில் இருந்திருக்கும். அவர் முகம் எங்கள் வீட்டில் இல்லை. "மூக்கு உன்னோடதுதாண்டா" என்று ஆயா சொல்லும், அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்கள் கையில் பாஸ் புத்தகம் இல்லாமல் நகரத்தில் நடக்க முடியாத காலம் இருந்தது. அதற்கான படங்களில் போலராய்டு கம்பெனியின் சரக்கும் இருந்தது. 1970ல் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பர்கள் அதைக் கண்டுபிடித்துக் கலகம் செய்தார்கள். 1977ல் போலராய்டு அந்த நாட்டை விட்டு வெளியேறியது. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. 1970களில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. 1980களில் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக நின்றன. எங்கள் தெருவில் பலருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படம் கம்பெனி கேட் பாஸுக்கு எடுத்ததுதான். நான் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) பர்மனென்ட் ஆளுக்கு ஒரு நிறத்தில் அட்டை, காண்ட்ராக்ட் ஆளுக்கு வேறு நிறத்தில். முகத்தைப் பார்க்கும் முன்னால் செக்யூரிட்டி நிறத்தைப் பார்த்துவிடுவான்.

நிறம் என்றதும் ஸ்டுடியோ ஞாபகம் வருகிறது. ஃபிலிம் காலத்தில் 'டச்சிங்' என்று ஒரு வேலை இருந்தது. நெகடிவில் எல்லாம் தலைகீழ். கறுத்த கன்னம் அதில் வெளிச்சமாகத் தெரியும். அந்த இடத்தில் கூர்மையான பென்சிலால் மெல்லத் தீட்டினால் பிரிண்ட் போடும்போது கன்னம் வெளுத்துவிடும். பொண்ணு பார்க்க அனுப்பும் படத்துக்குக் கட்டாயம் இதைச் செய்வார்கள். நாம் கேட்காமலே செய்வார்கள். கலர் வந்தபிறகு பென்சில் போனது, வெளுப்பு போகவில்லை. கோடாக் கம்பெனி தன் கலரைச் சரிபார்க்க 1950களிலிருந்து லேப்களுக்கு அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி கார்டு' என்பார்கள். அவள் தோல் சரியாக வந்தால் உலகம் சரியாக வந்தது என்று அர்த்தம். கறுப்பு முகம் சரியாக விழவில்லை என்ற குறை காதில் ஏறவில்லை. சாக்லேட் கம்பெனிக்காரனும் மரச்சாமான் விற்கிறவனும் "பழுப்பு நிறம் சரியாக வரவில்லை" என்றபோதுதான் அசைந்தது. மேசைக்குக் கிடைத்த மரியாதை! இன்றைக்கு செல்போனில் 'பியூட்டி' என்று ஒன்று இருக்கிறது. பல போன்களில் செல்ஃபி எடுக்கும்போது தானாகவே வேலை செய்யும். அதே பென்சில்தான்.

இத்தனைக்கும் நடுவில் தங்கள் தெருவைத் தாங்களே எடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. மதுரைப் பக்கம் ஜவஹர்லால்புரத்திலிருந்து வந்தவர் பழனிக்குமார். அம்மா மீன் விற்கிறவர். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு இவர்தான் ஒளிப்பதிவு. மலக்குழியில் செத்தவர்களின் வீடு வீடாகப் போய் எடுத்தவர், அதே கண்ணோடு தன் அம்மாவையும் ஏரிக்கரை மீன்கடையையும் எடுத்திருக்கிறார். 2022ல் தயாநிதா சிங் - பாரி விருது முதன்முதலாக இவருக்குக் கிடைத்தது. என்னைக் கேட்டால் விருதைவிடப் பெரியது, உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்து "உன் வீட்டை எடு" என்று அவர் கற்றுக்கொடுத்தது. அம்மா வேலை முடித்துத் திரும்பும் நேரத்தை அந்த வீட்டுப் பிள்ளைதான் அறியும். வெளியிலிருந்து போகிறவனுக்கு அது கிடைக்காது.

வாடிப்பட்டிக்காரர் ஜெய்சிங் நாகேஸ்வரன். இவருடைய பாட்டி பொன்னுத்தாய் நம் பிள்ளைகளுக்காகவே பள்ளிக்கூடம் நடத்தியவர். ஊர் ஊராகச் சுற்றிய ஜெய்சிங்கை 2020 ஊரடங்கு வீட்டுக்குத் திருப்பியது. வெளியே போக முடியாது. வீட்டுக்குள்ளேயே, கூடப் பிறந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் நாளும் எடுத்தார். 'நான் ஒரு மீனைப் போல் உணர்கிறேன்' என்று அந்த வரிசைக்கு ஆங்கிலத்தில் பெயர். நாடே அடைபட்டதாகப் புலம்பிய மாதங்களில், அடைத்துவைத்த தெருவிலேயே பிறந்த ஒருவர் தன் வீட்டுக்குள் விளையாட்டையும் வெயிலையும் கண்டெடுத்தார். பரிதாபம் தேடி அந்தப் படங்களுக்குள் போகிறவர் ஏமாறுவார்.

தினம் ஒரு படம் என்று விரதம் காத்தவர் அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன். 1979 மார்ச் 31ல் தொடங்கி, 1997 அக்டோபர் 25ல் சாகும் நாள்வரை நாளுக்கு ஒரு போலராய்டு. எனக்கு இன்னும் நெருக்கமானவர் மில்டன் ரோகோவின். பஃபலோ நகரத்தில் கண்ணாடிக் கடைக்காரர். இடதுசாரி என்று 1957ல் விசாரணைக்கு இழுத்தார்கள், வியாபாரம் படுத்தது, கேமராவைத் தூக்கினார். 1972லிருந்து தன் கடைக்குப் பக்கத்து ஏழைத் தெருக்களை எடுத்தார். பத்துப் பத்து வருசம் கழித்து அதே வாசலுக்கு, அதே குடும்பத்திடம் திரும்பத் திரும்பப் போனார். எடுத்த படத்தை அவர்களுக்கே கொடுத்தார். நம்ம பக்கம் வந்த கேமராக்காரர்களில் எத்தனை பேர் பிரிண்ட் கொடுத்துவிட்டுப் போனார்கள்?

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். சர்டிபிகேட் எரிந்தது, ரேஷன் கார்டு எரிந்தது என்று பட்டியல் போட்டார்கள். கல்யாண ஆல்பத்தை யாரும் பட்டியலில் போடவில்லை. வீடு எரியும்போது அது மட்டும் தப்புமா? அந்தத் தெருக்களின் படம் என்று இன்று தேடினால் சாம்பல்தான் கிடைக்கிறது. அதற்கு முந்தின வாரத்து நத்தம் எங்கே?

2018ல் எங்கள் பக்கத்துச் சூடகொண்டப்பள்ளிக்காரப் பையன் ஒருவனையும் அவன் கட்டிய பெண்ணையும் சாதிக்காகக் கொன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் காவிரியில் போட்டார்கள். கர்நாடகப் போலீசுக்கு ஆள் யாரென்று தெரியவில்லை. பையன் போட்டிருந்த பனியனில் அம்பேத்கர் படமும் ஊர்ப்பெயரும் இருந்தன. அதை வைத்துத்தான் ஊரைக் கண்டுபிடித்தார்கள்.

நான் மூன்று வருசமாக எங்கள் தெருவைத் தினம் ஒன்று எடுக்கிறேன். சாதா செல்போன். ஷிப்டு பஸ்ஸுக்குப் போகும்போதோ திரும்பும்போதோ. எங்கள் தெரு தமிழ் பேசும், தெலுங்கு பேசும், கன்னடமும் பேசும். இப்போது மூணாவது வீட்டு மாடியில் ஒடியாப் பையன்கள் எட்டுப் பேர். அவர்களும் படத்தில் உண்டு. கிரானைட் லாரி, ரோஜாப் பண்ணைக்குப் பெண்களை ஏற்றும் டெம்போ, புதிதாக நட்ட பிளாட் கற்கள். தெரு முனைப் பலகையும் உண்டு. 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒருதரம் அந்தப் பலகையை எடுக்கிறேன்.

எடுப்பது சுலபம், திருத்துவதில்தான் வம்பே இருக்கிறது. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரமான சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெளுத்த வானத்துக்கு எதிரே நம்ம ஆள் நின்றால் முகம் கரியாகும். முகத்தைக் கிட்டே வைத்து எடுத்தால் அதை வெளுத்துவிடும். அதனால் திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியன் குறியை விரலால் ஏற்றி இறக்கி, கண்ணால் பார்த்த நிறம் வரும்வரை நிற்கிறேன். பியூட்டியை அணைத்துவிட்டேன். பிறகு திருத்தும்போது நிழலைக் கொஞ்சம் திறப்பேன், தோலை விட்டுவிடுவேன். சாக்கடையை வெட்டி எறிந்தால் தெரு பொய்யாகிவிடும். அதை மட்டுமே பெரிதாக்கினாலும் பொய்தான். இரண்டாவது பொய்க்குத்தான் பட்டணத்தில் பரிசு கிடைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு படத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நான் மட்டுமில்லை. படிப்பகத்துத் திண்ணையில் அக்காமார் உட்காருவார்கள். ரோஜாப் பண்ணைக்குப் போகிற அக்கா ஒருவர் முதல் வாரமே சொன்னார்: "குழாயடில முந்தானையை இடுப்புல சொருகிக்கினு நிக்கறத எடுக்காத தம்பி. குளிச்சிட்டு பூ வெச்சிக்கினு வர்றேன், அப்ப எடு." யதார்த்தவாதத் தோழர் ஒருத்தர் இதைக் கேட்டுவிட்டு, உழைப்பை மறைப்பதாகக் கோபப்பட்டார். அக்கா கேட்டார், "உங்க வீட்ல மாட்டிவெச்சிருக்கிற போட்டோல உங்க சம்சாரம் பாத்திரமா தேச்சிக்கினு இருக்காங்க?" அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து விடுதலைக்குப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தடவை கேமரா முன் உட்கார்ந்தார், கோட்டோடு, சிரிக்காமல். எந்த முகத்தை உலகத்துக்குக் காட்டுவது என்று அவரே முடிவு செய்தார். அக்கா கேட்பதும் அதைத்தான். பூ வைத்த படம்தான் படிப்பகச் சுவரில் இருக்கிறது.

இதில் ஒரு நடைமுறைச் சங்கதி. எங்கள் சுடுகாட்டுப் பாதை ஓரத்தில் ஒரு மனைப்பிரிவு வந்தது. வேலிக்கல் மாதத்துக்கு ஒருமுறை ஒரு முழம் நகர்ந்தது. பாடை தூக்குபவர்கள் நாலு பேர் சேர்ந்தாற்போல் நடந்த பாதையில் இப்போது இரண்டு பேர் நடக்கிறார்கள். மனு கொடுத்தோம். ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பிரிண்ட் போட்டு வைத்தான். "இது என்னிக்கு எடுத்தது?" என்று கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், போன் உள்ளே எழுதிவைத்த தேதியும் இடமும் உதிர்ந்துபோகும். என்னிடம் மூலப்படங்கள் இருந்தன. அதே வேப்பமரத்தடியில் நின்று எடுத்தவை, முப்பத்தொன்று. கோர்ட்டுக்குப் போனால் மின்னணுச் சாட்சிக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்று வைக்கவேண்டும், முன்பு 65பி. அந்தச் சான்றில் கோப்பின் 'ஹேஷ்' எண்ணும் கேட்கிறார்கள். ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறும். ஆகவே மூலப்படத்தில் கை வைப்பதில்லை. நகல் எடுத்து நகலில்தான் நிழலைத் திறப்பது, ஓரம் வெட்டுவது எல்லாம். மனு இன்னும் மேசையில் கிடக்கிறது. கல் அதற்குப் பிறகு நகரவில்லை.

மூலப்படங்கள் இரண்டு டிஸ்க்கில் இருக்கின்றன. ஒன்று எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில். இன்னொன்றைத் தங்கவயலில் சித்தி வீட்டில் வைத்திருக்கிறேன். "எதுக்குடா இம்மாந்தூரம்?" என்று சித்தி கேட்டார். நத்தத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் வாங்கி, தாத்தாவின் பழைய தகர டப்பாவுக்குள் போட்டு அலமாரியில் வைத்தார்.